இருக்கல் + ஆம்

இந்த நோய் எதனால் வந்தது என்பதை எனக்கு முதலில் சொன்னவர் ஞானசிகாமணி சார். மருத்துவர்கூடப் பிறகுதான் சொன்னார். யார் முதலில் சொன்னது என்பதை நான் எப்போதும் தெளிவாகச் சொல்லிவிடுவேன் அம்மா. மேற்கோளை எழுதிவிட்டு ஆசிரியர் பெயரை விழுங்குகிற பழக்கம் எனக்கில்லை. ஞானசிகாமணி எங்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தியவர். வினாத்தாளில் 'கீழ்கண்ட' என்று ஒற்றில்லாமல் எழுதுவார். நான் திருத்திக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, மறு ஆண்டும் ஒற்றில்லாமலே எழுதுவார். அதை அவர் வேண்டுமென்றே செய்தாரோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் தம் பாடத்தில் அவர் பொய் சொல்லமாட்டார்.

உட்காருங்கள். இந்த நாற்காலிக்கு யாரும் வரமாட்டார்கள். உங்கள் டோக்கன் எத்தனை? நாற்பத்தொன்றா? அப்படியென்றால் நமக்கு நேரம் இருக்கிறது. டாக்டர் யூசுப் அவசரப்படமாட்டார். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக அழுத்திப் பார்ப்பார். இந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் திறந்து தருகிறீர்களா? நன்றி. மூடியை இறுக்க வேண்டாம், மேலாக வைத்தால் போதும்.

நான் பேசுவது மேடைப் பேச்சு போல இருக்கிறதென்று நினைக்காதீர்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியை. கயற்கண்ணி டீச்சர் என்றால் எங்கள் ஊரில் மூன்று தலைமுறைக்குத் தெரியும். வாய் வேறு, எழுத்து வேறு என்று வைத்துக்கொள்ள எனக்கு வரவில்லை.

ஞானசிகாமணி சார் சொன்னதற்கு வருகிறேன். காய்ச்சலில் விழுந்து எழுந்து ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும். காய்ச்சல் போய்விட்டது, கை கால் வீக்கம் போகவில்லை. அவர் பிஸ்கட் பாக்கெட்டுடன் பார்க்க வந்தார். என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், சில வைரஸ் இருக்கு, வந்துட்டுப் போன பெறகுதான் வேலையக் காட்டும். ஒடம்புக்குள்ள காவக்காரன் இருக்கான்ல, அவன் வைரஸை அடிச்சு அடிச்சுப் பழகிர்றான். அது போன பெறகும் கை ஓயாது. நம்ம மூட்டுல அதே சாயல்ல எதையாவது பாத்தான்னா, இதுவும் அவன்தான்னு நெனச்சு அடிக்க ஆரம்பிச்சிருவான். அப்படியும் இருக்கலாம்னு சொல்றாங்க."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். வைரஸ் யார் வழியாக வந்தது? கொசு வழியாக என்றார். கொசு யார் வழியாக வந்தது என்றேன். அவர் காபியை எடுத்துக் குடித்தார். அந்தக் காபியைப் போட்டுக்கொண்டு வந்தவள் என் தங்கை. அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சார் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நீங்களே சொல்லுங்கள், அந்த நேரத்தில் ஏன் பார்க்க வேண்டும்? காபி நன்றாக இருந்தது என்பதற்காகவா?

என் தங்கை பெயர் பூங்கோதை. என்னைவிட ஐந்து வயது இளையவள். எங்கள் இருவருக்கும் ஒரே முகம். கடைத்தெருவில் அவளை நானென்று நினைத்து வணக்கம் வைப்பார்கள்; அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்; டீச்சர் இப்போதெல்லாம் சிரிக்கிறார் என்று பிறகு என்னிடமே வந்து சொல்வார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நான் மணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் ஒருவர் காரணம். அது வேறு கதை. அவளைப் போடியில் கொடுத்திருந்தது. கணவர் இறந்தார். மகன் வெற்றிச்செல்வன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டு அவள் என்னோடு வந்து சேர்ந்தாள். இரண்டு பெட்டி, ஒரு கூடை நிறையக் கண்ணாடிப் பாட்டில்கள். எல்லாப் பாட்டிலிலும் தண்ணீர், எல்லாத் தண்ணீரிலும் மணி பிளான்ட். சன்னலுக்குச் சன்னல் வைத்தாள். வீட்டுக்குப் பச்சையா இருக்கட்டும்க்கா என்றாள். நான் தடுக்கவில்லை. அதுதான் நான் செய்தது.

அந்த ஐப்பசியில் எங்கள் தெருவில் சிக்குன்குனியா வந்தது. எங்கள் வீட்டில் அவளுக்குத்தான் முதலில் காய்ச்சல். இதில் எனக்கு எந்த மயக்கமும் இல்லை. அதற்கு முதல்நாள் எனக்கு உடம்பு வலி இருந்தது உண்மைதான், இரவில் குளிரவும் செய்தது. அது அன்று திரைச்சீலைகளைத் துவைத்த அலுப்பு. திரைச்சீலை துவைத்த அலுப்பையும் காய்ச்சலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவளா நான்?

நகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வந்தார்கள். கையில் டார்ச்சு. நானே காய்ச்சலோடு எழுந்து போய்ச் சன்னல்களைக் காட்டினேன். ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கி வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். இதுல ஒண்ணும் இல்லம்மா, தண்ணி புதுசா மாத்திருக்கீங்க என்றார்கள். பார்த்தீர்களா? அவர்கள் வரப்போகிறார்கள் என்று இவளுக்கு யார் சொன்னது? காய்ச்சலில் கிடக்கிறவள் தண்ணீர் மாற்றுவாளா? பிறகு கொல்லைப்புறம் போனார்கள். ஆட்டுக்கல் குழியில் மழைத்தண்ணீர் நின்றது. அதில் புழு நெளிந்தது. அந்த ஆட்டுக்கல் எங்கள் அம்மாவுடையது. அம்மாவின் பொருள் என்றால் இருவருக்கும் பொதுதானே? நான் அதைத் தொட்டே பல ஆண்டுகள் ஆகின்றன. தொடாத பொருளுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

அவள் பத்து நாளில் எழுந்தாள். எழுந்து தரையைத் துடைத்தாள், எனக்குக் கஞ்சி வைத்தாள். ஒரு விரல் வீங்கவில்லை அவளுக்கு. இந்த இடம்தான், அம்மா, என்னை உறுத்தியது. ஒரே முகம், ஒரே இரத்தம், ஒரே காய்ச்சல். கொண்டுவந்தவள் எழுந்து நடக்கிறாள், வாங்கிக்கொண்டவள் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு வீட்டுப்பாடத்தை இருவர் செய்து ஒருத்திக்கு மட்டும் அடி விழுந்தால், மற்றவள் முகத்தை நாம் பார்க்கமாட்டோமா? நான் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்படி ஒன்றுமே இல்லாமல் முகத்தை வைத்துக்கொள்வதும் ஒரு பயிற்சிதான்.

உள்ளூர் மருத்துவர் வலி மாத்திரை கொடுத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு இங்கே அனுப்பினார். கோதைதான் அழைத்து வந்தாள். இரத்தம் எடுத்தார்கள். என்னமோ ஒன்று மிகுதி என்று வந்தது. டாக்டர் யூசுப் நல்ல மனிதர், சின்ன வயது, தமிழை மதிப்பவர். நோயின் பெயரைத் தமிழில் சொல்லுங்கள் என்றேன். 'தன்னுடல் தாக்குநோய்' என்றார்.

தாக்குநோய், வினைத்தொகை. அதில் சிக்கலில்லை. ஆனால் தன்னுடல்? தன்னுடலைத் தாக்கும் நோயா, தன்னுடல் தாக்கும் நோயா? ஐ உருபு மறைந்திருந்தால் உடல் அடி வாங்குகிறது. மறையவில்லையென்றால் உடல் அடிக்கிறது. அடிப்பது யார், அடி வாங்குவது யார் என்பதே தெரியாமல் ஒரு சொல்லை ஆக்கிவைத்திருக்கிறார்கள். இதை அவரிடம் கேட்டேன். அவர், "ரெண்டும்தான் டீச்சர்" என்றார். இலக்கணத்தில் இரண்டும்தான் என்று ஒரு விடை கிடையாது. மருத்துவத்தில் இருக்கும்போலும்.

காய்ச்சலால்தான் வந்ததா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "காய்ச்சல் கிளப்பி விட்டிருக்கலாம் டீச்சர். முன்னாடியே உள்ள இருந்தது காய்ச்சல்ல வெளிய வந்திருக்கலாம். காய்ச்சலே வராட்டியும் வந்திருக்கலாம். ஆராய்ச்சி நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. உறுதியா யாரும் சொல்ல முடியாது."

மூன்று 'லாம்'. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். படிக்காதவர்கள் 'லாம்' என்றால் ஐயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'இருக்கலாம்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். இருக்கல் கூட்டல் ஆம். இருக்கல், ஆம். இருத்தல் உண்மை, ஆமாம் என்று பொருள். கடைசியில் நிற்பது ஆம். நம் முன்னோர் அந்த 'ஆம்' என்பதை மரியாதைக்காக வாலில் வைத்தார்கள். நானே தேர்வு அறைக் கண்காணிப்பில் யாராவது காப்பியடிப்பதைக் கண்ணால் கண்டால், 'பார்த்து எழுதியிருக்கலாம்' என்றுதான் தலைமையாசிரியைக்கு எழுதிக் கொடுப்பேன். பார்த்தாள் என்று பட்டென எழுதுவது பண்பில்லை. ஒருமுறை இரண்டு பெண்களின் விடைத்தாளில் ஒரே இடத்தில் ஒரே பிழை. ஒருத்தி முதல் வரிசை மாணவி. ஆகவே மற்றவள் பெயரைத்தான் எழுதினேன், 'லாம்' போட்டு. அவள் நான் இல்லை டீச்சர், அவதான் என்று அழுதாள். பிறகு பள்ளிக்கே வரவில்லை. குற்றம் இல்லாதவள் ஏன் பள்ளியை விட்டு நிற்க வேண்டும்?

ஆகவே டாக்டர் 'லாம்' என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு முழுக்கத் தெரியும். தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், சொல்ல நா எழவில்லை.

அதன்பிறகு ஒரு கேள்வி கேட்டார், பண்பாகத்தான். காய்ச்சலுக்கு முன்னால், ஓரிரு ஆண்டுக்கு முன்னாலாவது, காலையில் எழுந்ததும் விரல் மடக்க முடியாமல் இருந்ததா என்று. இல்லவே இல்லை என்றேன். உண்மை அதுதான். அப்போதெல்லாம் நான் கல் போல இருந்தேன். பணியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் முதல் பாடவேளையில் சாக்பீஸ் கையில் நிற்காமல் விழும். அது சாக்பீஸின் தரம். மட்டமான சரக்கு வாங்கிவிட்டார்கள், யாருக்கு எவ்வளவு போயிற்றோ. மூன்றாம் பாடவேளைக்குள் ஈரம் உலர்ந்து அதே சாக்பீஸ் நன்றாக எழுதும். வீட்டு வாசல் பூட்டும் அப்படித்தான், காலையில் சாவி திரும்பாது. பித்தளை, குளிரில் இறுகிவிடும். பத்து மணி வெயில் ஏறினால் குழந்தைகூடத் திறக்கலாம். பூட்டை விற்றவனிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். அவன் என் முன்னால் இரண்டு விரலால் திருப்பிக் காட்டிவிட்டு, நல்லாத்தான் இருக்கு டீச்சர் என்றான். மெருகு போடக் கொடுத்த மோதிரத்தைச் சிறிதாக்கித் திருப்பித் தந்த ஆசாரியும் உண்டு. விரலில் ஏறவில்லை. எவ்வளவு பொன் எடுத்தானோ. இப்படி என்னைச் சுற்றி ஏமாற்றியவர்கள் பலர். ஆனால் நோய் மட்டும் இருந்ததில்லை.

நான் இல்லவே இல்லை என்று சொன்னபோது கோதை குறுக்கே வாயைத் திறந்தாள். "அக்கா, அந்தப் பூட்டு..." என்றாள். நான் அவளைப் பார்த்தேன். வகுப்பில் பார்க்கிற பார்வை. நிறுத்திவிட்டாள். மருத்துவரிடம் வந்து பூட்டைப் பற்றிப் பேசுகிறவளை என்ன செய்வது? பேச்சை வேறு பக்கம் திருப்பப் பார்க்கிறாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்களுக்கும் காய்ச்சலுக்குப் பிறகுதான் வந்ததா? அப்படியா. அப்போது வீட்டில் யார் இருந்தார்கள்? அம்மா வந்து பார்த்துக்கொண்டார்களா? அம்மா எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? அவர்களுக்குக் காய்ச்சல் இருந்ததா? இப்போது காபி வாங்கப் போயிருக்கிறவர்கள்தானே? சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை அம்மா. யோசித்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நான் என்ன பெரிதாகக் கேட்டேன்? சொத்தா கேட்டேன், பணமா கேட்டேன்? மருந்துச் செலவு என் ஓய்வூதியத்தில் போகிறது. அவளிடம் கை நீட்டியதில்லை. என்னால்தான் வந்தது என்று வாயால் ஒரு சொல். அவ்வளவுதான். வந்த நோயை நான் சுமந்துகொள்வேன். இது யாருடையது என்று தெரியாமல் சுமப்பதுதான் கனம். உங்களுக்கு இப்போது புரியாது. போகப் போகப் புரியும்.

கேட்டபோதெல்லாம் அவள், "இருக்கலாம்க்கா" என்பாள். வெந்நீரில் என் கையை முக்கிப் பிடித்துக்கொண்டு சொல்வாள். தலை வாரிக்கொண்டே சொல்வாள். எனக்கு இரவிக்கைக் கொக்கி மாட்ட வராது, அவள் பின்னால் நின்று கையை முன்னால் நீட்டி மாட்டிக்கொண்டே சொல்வாள். முகம் தெரியாது. "இருக்கலாம்க்கா, நான் கொண்டாந்ததாவும் இருக்கலாம்." நான் 'லாம்' இல்லாமல் சொல் என்பேன். தெரியாததை எப்படிக்கா சொல்றது என்பாள். மருத்துவர் 'லாம்' சொன்னால் அது மரியாதை. இவள் 'லாம்' சொன்னால் அது நழுவல். ஒரே ஈறுதான், சொல்கிற வாயைப் பொறுத்தது.

சரி, வாயால் வரவில்லையென்றால் எழுதியாவது கொடு என்றேன் ஒரு மாலையில். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து எழுதினாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்து உருண்டையாக இருக்கும். 'அக்காவின் நோய்க்கு நான் பொருப்பாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தாள். பொருப்பு, இடையின ரகரம். பொருப்பு என்றால் மலை அம்மா. அக்காவின் நோய்க்கு நான் மலையாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுக்கிறாள். சிவப்பு மையில் வட்டமிட்டு, 'லாம்' என்பதை அடித்து, மறுபடி எழுதச் சொன்னேன். சிவப்புப் பேனாவைப் பிடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? வட்டம் வட்டமாகவே வரவில்லை. அவள் தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டு எழுந்து போய் எனக்குத் தோசை வார்த்தாள். விள்ளுகிற வேலை எனக்கு இருக்கக் கூடாதென்று துண்டு துண்டாகப் பிய்த்துத் தட்டில் போட்டுக் கொடுத்தாள். நான் சாப்பிட்டேன். தோசையை வேண்டாம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

பேசவில்லையே தவிர நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. வெந்நீர் வரும், சீப்பு வரும், வாரத்துக்கு ஒருநாள் போடுகிற மாத்திரை ஞாயிற்றுக்கிழமை தட்டில் வரும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நன்றி என்பேன். பண்பை விட முடியுமா? தைப் பொங்கலுக்கு வந்த வெற்றிச்செல்வன், ஏன் பெரியம்மா அம்மாகூடப் பேச மாட்டேங்கறீங்க என்று கேட்டான். உன் அம்மாவையே கேள் என்றேன். கேட்டிருப்பான். இரவு அடுக்களையில் இருவரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மெதுவாகப் பேச என்ன இருக்கிறது, ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு?

இதே இடத்துக்குப் போன முறை வந்தபோதுதான் முடிவுக்கு வந்தது. நான் டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். ஐயா, என் தங்கை இங்கேயே இருக்கிறாள், நீங்கள் மரியாதை பார்க்க வேண்டாம், 'லாம்' வேண்டாம், தாக்கியது யார் என்று ஒரே சொல்லில் சொல்லுங்கள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் கையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

"தாக்குறது வெளியாள் இல்ல டீச்சர். வெளியாள் வந்திருந்தாலும் எப்பவோ போயாச்சு. இப்ப அடிக்கிறது நம்ம ஆளுதான். காவலுக்குன்னு இருக்கிற ஆளு. சொந்தக்காரன்னு தெரியாம அடிச்சுக்கிட்டே இருக்கு. நான் கொடுக்கிற மாத்திரை எல்லாம் அதை அமைதியா உக்காரச் சொல்றதுக்குத்தான்."

நம்ம ஆள். மருத்துவர் வாயாலேயே வந்துவிட்டது. நான் திரும்பிக் கோதையைப் பார்த்தேன். மடியில் என் கோப்பு, அதன்மேல் என் மூக்குக் கண்ணாடிக் கூடு. கேட்டுக்கொண்டாயா என்றேன். மாதக் கணக்கில் அவளிடம் நான் பேசிய முதல் சொல் அது.

டாக்டர் பதறிவிட்டார். "ஐயோ டீச்சர், நான் இவங்களைச் சொல்லல. உங்க ரத்தத்துல இருக்கிற அணுவைத்தான் ஆளுன்னேன். ஒரு உவமைக்கு."

தெரியும் ஐயா, உவமைதான். உவமை என்று ஒன்று இருந்தால் பொருள் என்று ஒன்று இருந்தாக வேண்டும் அல்லவா என்றேன். அவர் பேனாவை எடுத்து மருந்துச் சீட்டில் எழுதத் தொடங்கினார். தமிழில் அடிப்படை உள்ளவர். ஒப்புக்கொண்டார் என்றே வைத்துக்கொண்டேன்.

பேருந்தில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வேகத்தடை வரும்போதெல்லாம் என் முழங்கைக்குக் கீழே தன் கையை வைத்துக்கொண்டாள், அதிர்ச்சி எனக்கு வராமல் இருக்க. இறங்கும்போது எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மகனிடம் தொலைபேசியில் பேசினாள். இம்முறை மெதுவாகப் பேசவில்லை. நாலு நாளில் வாப்பா, வந்துரு என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த நாலு நாளும் அவள் வேலை செய்துகொண்டே இருந்தாள். எதிர்வீட்டுப் பெண்ணை அழைத்து வந்து வெந்நீர் எவ்வளவு சூடு என்று காட்டிக் கொடுத்தாள். என் இரவிக்கைகளை எல்லாம் எடுத்து, முன்கொக்கிகளைப் பிரித்துவிட்டு, ஒட்டி ஒட்டிப் பிரிக்கிற நாடா வைத்துத் தைத்தாள். பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்த் தண்ணீரைக் கீழே ஊற்றிக் கழுவிக் கவிழ்த்தாள். ஆட்டுக்கல்லை இரண்டு ஆட்களை வைத்துக் குப்புறப் போட்டாள். செய்யட்டும் என்று இருந்தேன். அடையாளங்களை அழிக்கிறவளை ஏன் தடுக்க வேண்டும்?

போகட்டும் என்றும் இருந்தேன். போகாதே என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? சொல்ல வேண்டியவள் அவள். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் நான் மன்னிக்கத் தயாராக இருந்தேன். மன்னித்து, பெட்டியைப் பிரித்து உள்ளே வை என்று சொல்லவும் தயாராக இருந்தேன். அதற்கான வாக்கியத்தைக்கூட மனத்தில் அமைத்து வைத்திருந்தேன். நல்ல வாக்கியம்.

அதோ, உங்கள் அம்மா காபியோடு வருகிறார்கள். நீங்கள் ஏன் அவர்களை அப்படிப் பார்க்கிறீர்கள்? வாங்கிக்கொள்ளுங்கள், ஆறிவிடும். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, சொல்லி முடித்துவிடுகிறேன்.

வெற்றிச்செல்வன் கார் கொண்டுவந்திருந்தான். பெட்டிகளை ஏற்றினான். வர்றேன் பெரியம்மா என்று என் காலைத் தொட்டான். நான் தலையில் கை வைக்கவில்லை, காலை வேளை, கை உயரவில்லை, அவன் வேறு மாதிரி நினைத்திருப்பான். அவள் கடைசியாக உள்ளேயிருந்து வந்தாள். சாவியை என் மேசையில் வைத்தாள். வாசல்படியில் நின்று, பைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பேச்சுத் தமிழில் இல்லை. எழுத்துத் தமிழில், நான் கற்றுக்கொடுத்தது போல ஒலிப்புச் சுத்தமாக, 'லாம்' இல்லாமல், ஒரு பிழையும் இல்லாமல்.

"என்னால்தான் வந்தது, டீச்சர்."

கார் தெருமுனை திரும்பிய பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். நான் அமைத்து வைத்திருந்த வாக்கியம் 'கோதை' என்று தொடங்குவது. அதைச் சொல்லவில்லை. அவள் அக்கா என்று முடித்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். இலக்கணப்படி விளி என்பது வாக்கியத்தின் உறுப்பு ஆகாது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. நான் ஓராண்டாக அவளிடம் கேட்டிருந்தது இரண்டே சொற்கள். அவள் திருப்பித் தந்தது மூன்று.